இடைவெளி தெரியாமல் போட்ட நாற்காலிகள்

அவர் பேப்பர் படிக்க மாட்டார், பார்ப்பார். காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் ஆபீசுக்குக் கீழே ஒரு டீக்கடை. காலையில் மற்றவர்கள் உள்ளூர்ச் செய்திக்கு அடித்துக்கொள்ள, அவர் மட்டும் வெளிநாட்டுப் பக்கத்தை உருவி எடுப்பார். ஏதாவது ஒரு நாட்டு அதிபரும் தளபதிகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற படம் வந்திருந்தால் போதும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுண்டுவிரலை நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்து வைத்து அளப்பார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி பார்க்க மாட்டார்.

"என்ன மிலிட்டரி, இன்னைக்கு எங்குட்டுப் படை கெளம்புது?" என்பார் டீ மாஸ்டர்.

"ரெண்டு சேரு கொறையுது. பொறுத்துப் பாப்பம்" என்பார் அவர், சிரிக்காமல்.

கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். நான்தான் அதிகம் சிரிப்பேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மிலிட்டரி ஆசாரி என்பது ஊர் வைத்த பெயர். மனிதர் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. தச்சு வேலைக்காரர். கடல் தாண்டி ஒரு நாட்டின் ராணுவத் தலைமையகத்தில் மரவேலைக்கென்று போய், அங்கேயே பராமரிப்பு ஆசாரியாக ஒன்பது வருஷம் கிடந்துவிட்டு வந்தவர். எந்த நாடு என்று எழுத மாட்டேன். நம் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நான் அனுப்பியவர்களே இருக்கிறார்கள். ஆமாம், என் தொழில் அதுதான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி. ஒரே ஆள் முப்பது வருஷத்துக்கு மேல் ஆள்கிற நாடு அது என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அங்கே அவர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லையாம். விரலைக் கூரையைப் பார்த்துக் காட்டுவார்களாம். ஆசாரியும் அப்படித்தான் காட்டுவார். காரைக்குடிக்கு வந்த பிறகும், டீக்கடையில் உட்கார்ந்துகொண்டும், அந்த ஆளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் விரல்தான் மேலே போகும். மேலே என் ஆபீஸ் இருந்ததால், என்னைப் பற்றி ஏதோ கோள் சொல்கிறார் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டில் சமையலறைக்கு அலமாரி அடிக்க வந்தபோதுதான் அவரோடு நெருக்கமானேன். இழைத்துக்கொண்டே பேசுவார். முக்கியமான இடம் வந்தால் கை நின்றுவிடும்.

"நா போனப்ப தளபதிமாரு கூடுற மண்டபத்துல மேசைக்கு இருவத்திரெண்டு சேருண்ணே. மேசையே நாந்தான் செஞ்சது. வரும்போது ஒம்பது." என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் வேலை கொடுக்கிற எல்லாரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரை அண்ணே என்பேன். இரண்டு அண்ணன்கள்.

"மத்த பதிமூணும் எங்க போச்சு?"

"சேரு கொடவுன்ல கெடக்கும். ஆளு எங்கன்னு தெரியாது."

முதலில் தளபதிகளின் நாற்காலிக் கால்களில் ஒரு இஞ்சு எடுக்கச் சொன்னார்களாம், நாட்டை ஆள்கிற கூரைக்காரர் உயரமாகத் தெரிய. எடுத்துக் கொடுத்தார். பிறகு தரைப்படைக்காரரும் காவல்படைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது, இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிவிடுவார்கள் என்று, எதிரெதிர் மூலையில் போடச் சொன்னார்கள். போட்டார். ஆளுக்கொரு வாசல் வைக்கச் சொன்னார்கள், வராந்தாவில்கூடச் சந்தித்துக்கொள்ளாமல் இருக்க. வைத்தார்.

"எதிரி நாட்டுக்குப் பயந்தா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"எதிரி நாடு எங்கயோ இருக்குண்ணே. துப்பாக்கி வச்சிருக்கவன் பக்கத்து ரூம்புல இருக்கான். அவருக்குப் பயம் அவுக மேலதான்."

ஒரு நாள் கூட்டத்தில் வயதான ஒரு தளபதி எழுந்து, எல்லையில் இருக்கிற சிப்பாய்களுக்குச் சாப்பாடே ஒழுங்காகப் போகவில்லை, இந்த நேரத்தில் சண்டை வேண்டாம் என்றாராம். மேசைக்கு டீ வைக்கிற மலையாளி ஒருவர் இதை ஆசாரியின் காதில் போட்டிருக்கிறார். யாரும் பதில் பேசவில்லை. தளபதி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து அதையே இன்னொரு தடவை சொன்னாராம்.

"மறுநாக் காலைல என்னயக் கூப்பிட்டாக. அந்தச் சேர எடுத்துரு, எடுத்துட்டு மத்ததத் தள்ளிப்போட்டு, நடுவுல எடம் விட்டது தெரியாமப் பண்ணிருன்னாக. டேப்ப வச்சு அளந்து பண்ணுனேன். அப்புறம் எல்லாரும் வந்து உக்காந்தாக. நேத்து இருந்த மனுசன் எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. பக்கத்து சேருக்காரரு கொஞ்சம் எட்டி உக்காந்து கைய நல்லா விரிச்சு வச்சுக்கிட்டாராம்." இழைப்புளியைத் திருப்பி அதன் வாயில் சிக்கியிருந்த சுருளை ஊதினார். "அந்த வருசந்தான் மொதச் சண்டை. வேணாம்னு சொல்ல ஆளில்ல. அதுக்கப்புறம் சாப்பாடு போகுதா இல்லையான்னு உண்மையச் சொல்லவும் ஆளில்ல. எல்லாம் போகுதுன்னுதான் சொல்லிருப்பாக."

நான் உச்சுக்கொட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நாந்தானே அளந்து போட்டேன்" என்றார். கூலிக்கு வேலை பார்க்கிற ஆள், உங்களால் என்ன செய்ய முடியும் என்று நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு பழக்கம். எதையும் ஒரு தடவைதான் சொல்வார். முதல் தடவையோடு விட்டிருந்தால் அந்தத் தளபதியின் நாற்காலி தப்பித்திருக்கும், இரண்டாம் தடவைதான் வினை என்று எப்படியோ அவர் மனதில் படிந்துவிட்டது. என் அலமாரிக்கே அதுதான் நடந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இந்தப் பலகை வேண்டாம், தண்ணீர் பட்டால் ஊறிவிடும் என்றார். பார்க்க இதுதான் நன்றாக இருக்கிறது என்றேன். சரி என்று அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்தில் அது பணியாரம்போல் உப்பிக்கொண்டு நின்றது. ஆளைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"சொன்னேனேண்ணே" என்றார்.

"அழுத்திச் சொல்லியிருக்க வேணாமா?"

"நீங்க மொதலாளி" என்றார். அவ்வளவுதான். உப்பிய பலகையைக் கழற்றி, வேறு பலகை வைத்துக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். ஆறு நாற்காலி. "இங்க ஒங்ககிட்ட வேணாம்னு சொல்ற சேரு எது?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து என் மனைவி, "நாஞ் சொல்லுவேன். அவுகதான் காதுல போட்டுக்கிற மாட்டாக" என்றாள். அன்றைக்கும் சிரித்தோம்.

அவர் ஒன்றும் முனிவர் இல்லை. அவர் கணக்கு தப்பியும் இருக்கிறது. வேறொரு நாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்குள் அங்கே சண்டை என்றார். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, அங்கே ஈ காக்கை அசையவில்லை. டீ மாஸ்டர் மாதக் கணக்கில் அதை வைத்தே ஓட்டினார். "வராட்டி நல்லதுதானப்பா" என்று ஆசாரி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பிற்பாடு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்ள அந்தத் தீபாவளி ரொம்ப வசதியாக இருந்தது.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்த வியாழக்கிழமை ஆசாரி என் ஆபீசுக்குப் படியேறி வந்தார். அதற்கு முன் அவர் மேலே வந்ததே இல்லை. உள் அறையில் நானும், என்னிடம் வேலை பார்க்கிற இரண்டு பேரும், எனக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற தேவகோட்டைக்காரர் ஒருவரும் இருந்தோம். வெளியே பெஞ்சில் ஆத்தங்குடித் தம்பி ஒருவன் உட்கார்ந்து கடைசிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். ஊரில் தரைக்கல் பட்டறையில் வேலை செய்தவன், டைல்ஸ் பதிக்கிறதில் கெட்டிக்காரன். அந்த நாட்டின் துறைமுக ஊரில் கட்டுகிற ஒரு கட்டடத்துக்குத் தரை போட அவனை எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம். டிக்கெட் என் மேசை மேல் இருந்தது.

ஆசாரி மடித்த பேப்பரை விரித்து என் முன்னால் வைத்தார். "இது நாஞ் செஞ்ச மேசைண்ணே."

அதே மண்டபம். கூரைக்காரர் நடுவில் இருந்தார், முன்னைவிட இளைத்திருந்தார். அவரைச் சுற்றி ஆறு நாற்காலி.

"தரைப்படைக்காரரு சேரு இல்ல. கஜானா பாக்குறவரு சேரு இல்ல. சாப்பாட்டு மந்திரிக்கு இல்ல. சொந்த மச்சினன் பக்கத்துல உக்காந்திருக்கான். பாருங்க, எடம் விட்டது தெரியாம அளந்து போட்ருக்கான், எவனோ எனக்குப் பின்னால வந்தவன்." விரலைப் படத்திலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சண்டை வருதுண்ணே. யாரையும் இப்ப அனுப்பாதீக."

பக்கத்து நாட்டோடு உரசல் இருந்தது எனக்கும் தெரியும். டிவியில் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து, போர் வராது என்று விளக்கியிருந்தார்கள். அதை நான் ஒப்பித்தேன். "அண்ணே, அவுக திங்கிற கோதுமையே அந்தக் கடல் வழியாத்தான் வருது. சண்டை போட்டா மொத நட்டம் அவுகளுக்குத்தான். எவனாச்சும் தன் தலையில தானே மண்ணள்ளிப் போடுவானா?"

"நாட்டுக்கு நட்டந்தான்" என்றார். "அவருக்கு?"

அவரே தொடர்ந்தார். "தளபதியத் தூக்கிட்டாரு. தரைப்படைல எல்லாரும் உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டு இருப்பான். அத்தனை பேரையும் தலைநகர்ல வச்சுக்கிட்டு அவரால தூங்க முடியுமா? எல்லைக்கு அனுப்பிட்டா அவுகளுக்கு வேற சோலி. செயிச்சா இவரு பேரு. தோத்தா துரோகின்னு இன்னும் நாலு சேரத் தூக்கலாம். அவருக்கு ரெண்டும் லாபந்தாண்ணே."

இன்றைக்கு இதை எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அன்றைக்கும் தெளிவாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் வந்ததை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் தேவகோட்டைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆசாரி பேப்பர் படத்தைக் காட்டினதற்காக ஆள் அனுப்புவதை நிறுத்தினான் என்று மாவட்டம் முழுக்கச் சொல்வார். நிறுத்தினால் ஏற்கெனவே அனுப்பிய பதினோரு பேர் வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் வேலை பார்க்கிற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவனுக்கும் என்னைப்போலவே பயமாக இருந்ததாம். ரொம்ப நாள் கழித்துச் சொன்னான். அப்போதே ஏனடா சொல்லவில்லை என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

"நீங்க சேர எண்ணுங்கண்ணே, நா ஆள அனுப்புறேன்" என்றேன். "போன தடவ தீபாவளிக்கு வரவேண்டிய சண்டையே இன்னும் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கு."

அறை அதிரச் சிரித்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்த தம்பி சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே, பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று அவனும் சிரித்தான். அந்த முகம் எனக்கு அப்படியே இருக்கிறது.

ஆசாரி பேப்பரை மடித்தார். வெளியே போகும்போது அந்தத் தம்பியின் முன்னால் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவன் மரியாதைக்கு எழுந்து நின்றான். அவர் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். சொல்ல வேண்டியதை அவர்தான் ஒரு தடவை சொல்லிவிட்டாரே.

ஞாயிற்றுக்கிழமை தம்பி விமானம் ஏறினான். அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் சண்டை வந்தது. கூரைக்காரர் ஆணையில் படை எல்லை தாண்டியது. பக்கத்து நாட்டுக்காரன் திருப்பி அடித்தான், துறைமுகத்தில் அடித்தான். கட்டி முடியாத அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நம் தம்பி தரை போட்டுக்கொண்டிருந்தான். மற்ற பதினோரு பேரும் வேறு ஊர்களில் இருந்ததால் பிழைத்தார்கள். அங்கே மண்டபத்தில் இருந்த ஆறு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே இருப்பவரும் நலமாகத்தான் இருக்கிறார். போர் முடிந்து வெற்றி விழாகூடக் கொண்டாடினார்.

உடல் வந்து சேரப் பல வாரமானது. மதுரையிலிருந்து ஆம்புலன்சில் நான்தான் கூட வந்தேன். ஊர் அதைப் பெரிய குணமாகப் பேசியது. ஆத்தங்குடியில் பந்தலுக்குள் நுழைந்ததும் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

"அண்ணே, இப்புடி ஆகும்னு ஒருத்தருக்குமே தெரியாதாண்ணே? யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிருந்தா நா விட்டிருக்க மாட்டேனே."

பந்தல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஆசாரி நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். அங்கேயே, அந்த நிமிஷமே, சொன்னார்கள் அம்மா, நான்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். செருப்பால் அடித்திருப்பாள். அடித்திருந்தால் இன்றைக்கு இப்படிக் குறுகிப்போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"யாருக்குமே தெரியாதும்மா" என்றேன். "அந்த நாட்டுக்காரனுக்கே தெரியாது."

ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். ஒன்பது வருஷம் அந்த மண்டபத்துக்காரர்கள் அவரிடம் எதை நம்பினார்களோ, அதையே நானும் நம்பினேன்.

திரும்பும்போது என் பைக்கில் ஏறிக்கொண்டார். முக்கால் வழி வந்திருப்போம். பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அந்தத் தம்பிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருக்கணும். ஒங்ககிட்ட சொன்னதோட போயிட்டேன்" என்றார்.

"நீங்க என்ன பண்ணுவீக" என்றேன்.

"இங்குட்டே எறக்கி விட்ருங்க. நடந்து போய்க்கிறேன்" என்றார். காரைக்குடி இன்னும் மூன்று மைல் இருந்தது. இறக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்கு வரவில்லை. ஒக்கூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்த வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார் என்று டீ மாஸ்டர்தான் சொன்னார். எடுத்து முடித்த பிறகுதான் தகவலே வந்தது என்றார். வந்திருந்தாலும் நான் போயிருப்பேனா, தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன மனிதர் போய்விட்டார் என்று கேட்டதும் என் மனதுக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை என்று போன வாரம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

போன வாரம் ஆத்தங்குடித் தம்பியின் மனைவி என் ஆபீசுக்கு வந்தாள். இப்போது அவளே தரைக்கல் பட்டறையில் அச்சு வேலைக்குப் போகிறாள். கூடத் தன் தம்பியை அழைத்து வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது, வெளிநாடு போகத் துடிக்கிற பையன். வேறொரு நாட்டின் பெயரைச் சொன்னான். அங்கேயும் மேலே ஒரே ஆள்தான்.

"மதுரைல வேற ஏஜென்சிக்காரவுக கூப்புடுறாகண்ணே" என்றாள். "நாந்தான் வேணாம்னு இங்கன கூட்டியாந்தேன். ஒங்ககிட்டன்னா நம்பிக் குடுக்கலாம்."

பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, எனக்குச் சான்று சொல்கிறவள்போலச் சொன்னாள்: "அப்ப மட்டும் தெரிஞ்சிருந்தா அண்ணன் ஒங்க மச்சான அனுப்பிருக்கவே மாட்டாகடா." என் பக்கம் திரும்பினாள். "மாட்டீகல்லண்ணே?"

"மாட்டேம்மா" என்றேன்.